ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகம்... குரலை இழந்த வாத்தியார்! சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரியுமா உங்களுக்கு?

உங்க ஊர் மைதானத்துக்கு ஒரு டிவி சேனல் பாட்டு நிகழ்ச்சி நடத்த வருதுன்னு வச்சுக்கோங்க. பெரிய மேடை, கண்ணைப் பறிக்கும் லைட், நாட்டுப்புறப் பாட்டு, நடுநடுவே காமெடி, ஒரு டான்ஸ், திரும்பவும் பாட்டு. கூட்டம் நள்ளிரவு வரை நகராது. மறுநாள் காலையில் கம்பிகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க.

இது டிவி கண்டுபிடிச்ச ஃபார்மேட்னு நினைச்சா, கொஞ்சம் பொறுங்க. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15-ம் தேதிதான். அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக்கை வீடு வீடாகக் கொண்டுபோன 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சி நாஷ்வில் நகர ரேடியோவில் ஆரம்பமானது 1925-ல். இந்த இரண்டுக்கும் முன்பே, பாட்டையும் கதையையும் கட்டிக்கொண்டு தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகச் சுற்றிய ஒரு மனிதர் 1922-லேயே இறந்துபோயிருந்தார். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 2019-ல் நடந்த நடிகர் சங்கத் தேர்தல் ஞாபகம் இருக்கலாம். பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற அணியின் பெயர் சுவாமி சங்கரதாஸ் அணி. நியூஸ் சேனலில் அந்தப் பெயர் ஒரு மாசம் ஓடியது. அந்தச் சங்கரதாஸ் யார் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

இத்தனைக்கும் அவர் நமக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கிறார். கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று புதுச்சேரி பஸ் பிடிச்சீங்கன்னா, வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் தாண்டி புதுச்சேரி. அங்கே கருவடிக்குப்பத்தில்தான் அவருடைய சமாதி இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்பதுதான் கதையே.

உப்புக் கணக்கை விட்டு வந்தவர்

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்ற கிராமத்தில் தாமோதரன் என்பவருக்கு மகனாகப் பிறந்தார் சங்கரன். அப்பா தமிழ் படித்தவர். பையனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். வெண்பா, கலித்துறை என்று நாம் பத்தாம் வகுப்போடு மறந்துபோன பாவகைகள் எல்லாம் அவருக்குச் சின்ன வயசிலேயே கைக்கு வந்துவிட்டன.

ஆனால் கவிதை சோறு போடுமா? கொஞ்ச காலம் உப்பு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். நிரந்தர வருமானம், வீட்டுக்கும் நிம்மதி. இன்றைக்கு ஐ.டி வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிற பையன்களைப் பற்றி நம்ம வீடுகளில் என்ன பேசுவாங்களோ, அதைவிட அதிகமாகப் பேசக்கூடிய காரியத்தை அவர் 24 வயதில் செய்தார். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அப்போது நாடகக்காரன் என்றால் மரியாதை கிடையாது. பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்தம் 'சுகுண விலாச சபா'வை ஆரம்பித்தார். ஆனால் அங்கே நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு நாடகம் பொழுதுபோக்கு. சங்கரதாசுக்கு அதுதான் வயிற்றுப்பாடு.

எமன் வேஷம் தந்த அதிர்ச்சி

முதலில் அவர் எழுத்தாளர் மட்டுமல்ல, மேடையில் மிரட்டிய நடிகரும்கூட. உயரமான உருவம், கனத்த குரல். எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன் என்று கிடைத்தவை எல்லாம் பயமுறுத்தும் வேஷங்கள்தான்.

'சத்தியவான் சாவித்திரி'யில் எமனாக அவர் மேடையில் பாய்ந்து வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குப் பயத்தில் கரு கலைந்துவிட்டது என்று நாடக உலகில் இன்றும் சொல்கிறார்கள். இன்னொரு முறை, விடிய விடிய சனீஸ்வரனாக நடித்துவிட்டு, வேஷத்தைக் கழுவ விடிகாலையில் நீர்நிலைக்குப் போயிருக்கிறார். அரையிருட்டில் அந்தக் கறுப்பு உருவத்தைப் பார்த்த ஒரு பெண் பயந்து உயிரையே விட்டுவிட்டார் என்பதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சம்பவம்.

இப்படி ஒரு நடிப்புக்கு இன்றைக்கு விருது கொடுப்போம். அவர் எடுத்த முடிவு வேறு. இனி வேஷம் கட்டுவதில்லை என்று அரிதாரத்தைத் துடைத்தார். கைதட்டல் வாங்கித் தரும் இடத்தை விட்டு விலகி, திரைக்குப் பின்னால் எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் போய்விட்டார். ஒருகட்டத்தில் அதையும் விட்டுவிட்டுத் துறவியாகக் கோயில் கோயிலாகச் சுற்றினார். முருகன் மேல் அவருக்கு அப்படி ஒரு பற்று. சங்கரதாஸ் என்ற நாடகக்காரர் 'சுவாமிகள்' ஆனது இப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

துறவியைத் திரும்ப இழுத்த கஞ்சிரா

அலைந்துகொண்டிருந்தவருக்குப் புதுக்கோட்டையில் ஒரு திருப்பம் காத்திருந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை அந்த ஊர்க்காரர். அவர் சங்கரதாசைத் தன் சுவீகாரப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். தமிழ் ஏற்கெனவே கையில் இருந்தது. தாளமும் லயமும் இந்த வீட்டில் வந்து சேர்ந்தன. நண்பர்களின் வற்புறுத்தலால் மறுபடியும் நாடகத்துக்கே திரும்பினார்.

இந்தச் சேர்க்கை ஏன் முக்கியம் தெரியுமா? அந்தக் காலத்து நாடகத்துக்கு உயிரே பாட்டுதான். ஒரு பக்கம் நம்ம வடாற்காடு, தென்னாற்காடு மண்ணின் தெருக்கூத்து. இன்னொரு பக்கம் ரயில் ஏறி வந்த பார்சி, மராத்தி நாடகக் குழுக்கள். படுதா, சீன், ஆர்மோனியம் எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. கூத்து கிராமத்து ஜனங்களுக்கு உயிர்; ஆனால் டவுன் கொட்டகைக்குள் அது நுழையவில்லை. பார்சி பாணியில் பகட்டு இருந்தது. மண்ணின் வாசம் இல்லை.

சுவாமிகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை போட்டார். கதை ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது: வள்ளி, அல்லி, பவளக்கொடி, நல்லதங்காள், கோவலன், அரிச்சந்திரன். மெட்டுகளில் கர்நாடக ராகமும் உண்டு, காவடிச்சிந்து போன்ற நாட்டு மெட்டும் உண்டு. பாட்டுக்கு நடுவே வசனம். சோகம் முற்றும்போது சிரிக்க வைக்க ஒரு பபூன். படிக்காத விவசாயிக்கும் புரியும், பண்டிதருக்கும் பிடிக்கும். அவர் எழுதிய நாடகங்கள் 68 என்று ஒரு கணக்கு இருக்கிறது. சமஸ்கிருத 'மிருச்சகடிக'மும், ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டும்கூட அவர் கையில் தமிழ் மேடைக்கு வந்தன. பலவற்றின் பிரதி இன்று நம்மிடம் இல்லை.

பாய்ஸ் கம்பெனியும் மகரக்கட்டும்

எழுதினால் மட்டும் போதுமா? நடிக்க ஆள் வேண்டுமே. பெரிய நடிகர்களோடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேடையில் எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவது, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவது, குடித்துவிட்டு வருவது. வாத்தியார் சொல் எடுபடவில்லை.

1910-ல் 'சமரச சன்மார்க்க நாடக சபா'வைத் தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டையே தன் குரலால் கட்டிப்போட்ட எஸ்.ஜி.கிட்டப்பா சின்னப் பையனாக அங்கே பாடம் கேட்டவர்தான். பிறகு 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' உருவானது. நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். ராஜா வேஷமும் பையன், ராணி வேஷமும் பையன். ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் பாய்ஸ் கம்பெனி.

இங்கே கொஞ்சம் நின்று யோசிங்க. டிவியில் ஏழு வயசுக் குழந்தை பாடி முடித்ததும் நடுவர்கள் அழுவதைப் பார்த்து நாமும் அழுகிறோம். அந்தக் குழந்தை மறுநாள் ஸ்கூலுக்குப் போகும். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு ஸ்கூலே கம்பெனிதான். வீடும் கம்பெனிதான். விடிகாலையில் பாட்டுப் பயிற்சி, பகலில் வசனப் பாடம், ராத்திரியில் நாடகம். அப்பா அம்மாவைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். பல வீடுகளில் பையனைக் கம்பெனியில் விட்டதே, அங்கே மூன்று வேளைச் சோறு நிச்சயம் என்பதால்தான்.

சுவாமிகள் கண்டிப்பான வாத்தியார். உச்சரிப்பு பிசகினால் விடமாட்டார். அவர் வரும் சத்தம் கேட்டாலே பையன்கள் நடுங்குவார்களாம். அந்தக் கண்டிப்பில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட சுத்தமான தமிழ் பேசினார்கள். ஆனாலும் இன்றைய கண்ணால் பார்த்தால் அது கடினமான குழந்தைப் பருவம். அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட வேண்டியதில்லை.

இன்னொரு பயமும் அந்தப் பையன்களுக்கு உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. வயசுக்கு வரும்போது குரல் உடையும் இல்லையா, அதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அன்றைக்கு மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கணும்னா, உச்ச ஸ்ருதியில் பாடியாகணும். அந்தக் கணீர்க் குரல் போனால் நேற்று வரை கதாநாயகன், இன்றைக்குக் கூட்டத்தில் ஒருவன். சில பையன்களுக்குக் கம்பெனியிலேயே இடம் இருக்காது.

அந்த ஒரு ராத்திரி

மதுரை சபாவில் ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. பெண் வேஷம் கட்டிப் பெயர் வாங்கிய கண்ணுசாமிப் பிள்ளையின் மகன்கள்: சங்கரன், முத்துசாமி, சண்முகம், கடைக்குட்டி பகவதி. டி.கே.எஸ் சகோதரர்கள் என்று நாடக வரலாறு கொண்டாடும் நால்வர். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு.

அந்தப் பொடியனின் ஞாபகசக்தியும் குரலும் வாத்தியாருக்குப் பிடித்துப்போனது. அவனுக்கென்றே ஒரு நாடகம் எழுத முடிவு செய்தார். அதுதான் 'அபிமன்யு சுந்தரி'. ராத்திரி உட்கார்ந்தவர் விடிவதற்குள் முடித்துவிட்டார். நான்கு மணி நேரம் மேடையில் ஓடக்கூடிய நாடகம். நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள், வசனம் எல்லாம் சேர்த்து. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை என்பதுதான் சண்முகத்தை வாழ்நாள் முழுக்க வியக்க வைத்த விஷயம்.

உயரம் ஒரு மேஜை அளவுகூட இல்லாத பையன், சக்கர வியூகத்துக்குள் நுழைந்து திரும்பி வரத் தெரியாமல் சாகும் அபிமன்யுவாக நின்றால் எப்படி இருந்திருக்கும்! அழாமல் கொட்டகையை விட்டு எழுந்தவர்கள் ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருந்திருப்பார்கள்.

வாத்தியார் வாய் பேச முடியாமல் போனபோது

1921-ல் கம்பெனி சென்னையில் இருந்தது. அங்கேதான் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஒரு கையும் காலும் விழுந்தன. அதைவிடப் பெரிய இழப்பு, பேச்சு நின்றுபோனது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு சொல் பிசகினால் பொறுக்காத மனுஷன். மகரக்கட்டு உடைந்து குரல் போன பிள்ளைகளை எத்தனை முறை பார்த்திருப்பார்! இப்போது 54 வயதில் அவர் குரலே போய்விட்டது. எதிரே பையன் தப்பாகப் பாடினாலும் திருத்த வழியில்லை. ஒரு ராத்திரியில் நூறு பாட்டு எழுதிய ஆளுக்கு எழுத்தும் நின்றுவிட்டது.

சொந்தமாக வீடு, நிலம், சேமிப்பு எதையும் அவர் சேர்த்துவைக்கவில்லை. எழுதிய நாடகங்களை யார் வேண்டுமானாலும் போட்டார்கள். இன்றைக்கு ஒரு ரிங்டோனுக்குக்கூட ராயல்டி உண்டு. அவர் பாட்டுகளைப் பாடிப் பிழைத்த எத்தனையோ கம்பெனிகளில் இருந்து அவருக்கென்று ஒரு சொத்தும் சேரவில்லை.

கம்பெனி அடுத்தடுத்த ஊர்களுக்குப் போய் 1922-ல் புதுச்சேரி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். விழுப்புரத்தில் இருந்து அங்கே 1879-லேயே ரயில் பாதை போட்டுவிட்டார்கள். அதனால் நாடகக் கம்பெனிகள் மூட்டை முடிச்சோடு போய் இறங்க வசதியான இடம். அந்தப் புதுச்சேரியில்தான் நவம்பர் 13 அன்று சுவாமிகள் கண்மூடினார். வயது 55. பிறந்த ஊரும் தூரம், வளர்ந்த ஊரும் தூரம். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். பாரதியார் குயில்தோப்பு என்று நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுவும் அதே கருவடிக்குப்பம்தான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

வாத்தியார் போனார், பாடம் போகவில்லை. டி.கே.எஸ் சகோதரர்கள் 1925-ல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' ஆனார். சென்னையில் லாயிட்ஸ் ரோடு இப்போது அவர் பெயரில் ஔவை சண்முகம் சாலை. சிறுவன் கமல்ஹாசன் நாடகப் பயிற்சி பெற்றது அவரிடம்தான். 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி' படத் தலைப்பைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. அது ஒரு மாணவர் தன் குருவுக்கு வைத்த வணக்கம். அந்தக் குருவின் குருதான் நம்ம சுவாமிகள்.

பாய்ஸ் கம்பெனி என்ற யோசனையும் பரவியது. எம்.ஜி.ஆர் வளர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். நம்ம விழுப்புரத்தில் 1928-ல் பிறந்த சிவாஜி கணேசனும் சின்ன வயசிலேயே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர்தான். எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படம் 1934-ல் வந்த 'பவளக்கொடி'. மேடையில் ஊர் ஊராக ஓடிய நாடகம்தான் படமானது.

'வள்ளி திருமண'த்தின் பயணம் இன்னும் சுவாரஸ்யம். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் காட்சியை விஸ்வநாததாஸ் வெள்ளைக்காரனை விரட்டும் காட்சியாகவே மாற்றினார். பயிரைத் தின்ன வரும் வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் புரியும். போலீசுக்கும் புரியும். மேடையில் இருந்தே கைதாகிப் பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில், அதே நாடகத்தின் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. இதன் அழகே தனி. ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர்க்காரர், பபூன் வேறு ஊர். தனித்தனியாக புக் செய்வார்கள். ஒத்திகையே கிடையாது. மேடையில் சந்தித்த நொடியில் ஆர்மோனியம் எழும், நாடகம் ஓடும். எப்படி? எல்லோர் மனசிலும் இருப்பது அதே சுவாமிகள் பாடம். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார், அடுத்து டான்ஸ், அப்புறம்தான் வள்ளியும் முருகனும். விடியும்போது கல்யாணம் முடியும். நாட்டுப்புறப் பாட்டு, காமெடி, நடனம், கதை நாலும் சேர்ந்த ஒரு லைவ் ஷோ!

நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தெருக்கூத்து ஆட்சி. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அதில் வரும் அதே அபிமன்யுவையும் அதே அல்லியையும்தான் சுவாமிகள் தன் வழியில் கொட்டகை மேடைக்கு ஏற்றினார். கூத்தும் நாடகமும் ஒரே கதைக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள்.

சரி, நீங்க என்ன செய்யலாம்? புதுச்சேரி ட்ரிப் என்றால் பீச், கஃபே, செல்ஃபி என்று ஒரு லிஸ்ட் இருக்கும். அதில் கருவடிக்குப்பத்துக்கு ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்க. நவம்பர் 13-ம் தேதி போனால் இன்னும் நல்லது. நாடகக் கலைஞர்கள் அங்கே வந்து தங்கள் வாத்தியாருக்கு அஞ்சலி செலுத்துவார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். நாடகம் படிக்கணும்னு உங்களுக்கோ உங்க தம்பி தங்கைக்கோ ஆசை இருந்தால் அந்த வாசலையும் ஒருமுறை பார்த்துட்டு வாங்க.

அதெல்லாம் தூரம் என்றால், அடுத்த திருவிழாவில் ஊர்க்கோடியில் ஆர்மோனியச் சத்தமோ கூத்து மத்தளமோ கேட்டால் போனைப் பாக்கெட்டில் போட்டுட்டு ஒரு மணி நேரம் உட்காருங்க. பிடித்திருந்தால் கலைஞர்களுக்குக் கையில் பணம் கொடுத்துட்டு வாங்க. சுவாமிகளுக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. இவர்களுக்காவது சேரட்டும்.